செல் சமிக்ஞை ஆராய்ச்சியை நம்பி மகளை அனுப்பலாமா?

கேட்டவர்: பாலக்கோட்டு ஆசிரியர்

அனைவருக்கும் வணக்கம். நான் பாலக்கோடு வட்டத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். என் மகள் இந்த ஆண்டு முதுநிலை உயிர்வேதியியல் முடித்திருக்கிறாள். அடுத்தது பி.எட்., அதன் பிறகு ஆசிரியர் தேர்வு என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்து வைத்திருந்தோம். அவளோ, புற்றுநோய்ச் செல்களுக்குள் சமிக்ஞைகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்பதைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்யப் போவதாகச் சொல்கிறாள். அவள் படித்த கல்லூரியில் ஒருவரிடம் யோசனை கேட்டபோது, "இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அன்று வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவே இல்லை.

என் மனம் மாற வேண்டும் என்பதற்காக, டோனி ஹன்டர் என்ற விஞ்ஞானியின் ஆராய்ச்சி வாழ்க்கையைப் பற்றி இரண்டு இரவுகள் உட்கார்ந்து எனக்கு விளக்கினாள். 1943இல் இங்கிலாந்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் படித்து, 1975இல் அமெரிக்காவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் புரதங்களின் மீது ஒட்டும் பாஸ்பேட்டைப் பற்றியே ஆராய்ந்தவர் என்று அறிந்தேன். அவருடைய பெரிய கண்டுபிடிப்பு, புதிய கரைசல் தயாரிக்காமல் பழைய கரைசலையே பயன்படுத்தியதால் தற்செயலாகக் கிடைத்தது என்றும் சொன்னாள். அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். எனக்கோ அங்கேதான் பயம் வந்தது. தற்செயலாக ஒன்று கிடைத்தவரின் பெயரை நாம் இன்று பேசுகிறோம். அதே போல் உழைத்தும் எதுவும் கிடைக்காமல் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

இந்தத் துறையில் இருப்பவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு பெண்பிள்ளை தன் இளமை முழுவதையும் ஒரு புரதத்துக்குக் கொடுக்கலாமா? அங்கே அவள் காலை முதல் மாலை வரை உண்மையில் என்ன வேலை செய்வாள்? அவளைத் தடுக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இல்லை. தெரியாத ஊருக்கு அனுப்பும் முன் வழியைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பதில்: தென்பெண்ணைக் கரை

வணக்கம் ஐயா. நான் காவேரிப்பட்டணத்தில் பிறந்தவள். என் தந்தையார் மாங்கூழ் ஆலைகளுக்கு லாரி ஓட்டியவர். நான் பெங்களூரில் செல் சமிக்ஞையில் முனைவர் பட்டம் முடித்து, இப்போது அங்கேயே போஸ்ட்டாக் ஆய்வாளராக இருக்கிறேன். உங்கள் மகளிடம் சொல்லப்பட்ட அதே வாக்கியம் எனக்கும் சொல்லப்பட்டிருக்கிறது என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய கரைசல். ஒரு செல்லுக்கு "வளர், பிரி" என்ற செய்தி வெளியிலிருந்து வந்தால், அது உள்ளே கைமாறிக் கைமாறித்தான் போய்ச் சேரும். கைனேஸ் என்ற நொதி இன்னொரு புரதத்தின் மீது ஒரு பாஸ்பேட்டை ஒட்டுகிறது; அது ஒட்டியதும் அந்தப் புரதம் விழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்புகிறது. வேலை முடிந்ததும் பாஸ்பேட்டேஸ் என்ற வேறொரு நொதி அதைக் கழற்றிவிடுகிறது. பாஸ்பேட் ஒட்டுவது செரின், திரியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்களின் மீதுதான் என்று 1979 வரை ஏறக்குறைய எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஹன்டர் அந்த ஆண்டு, பாலியோமா என்ற கட்டி உண்டாக்கும் வைரஸின் புரதத்தோடு சேர்ந்து வரும் கைனேஸ் எதன் மீது பாஸ்பேட்டை ஒட்டுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கதிரியக்க பாஸ்பரஸ் ஏறிய புரதத்தை அமிலத்தில் சிதைத்து, மெல்லிய தகட்டில் சொட்டாக வைத்து, மின்சாரம் செலுத்தி நகரவிட்டு, எக்ஸ்ரே ஃபிலிமில் பதிய வைப்பார்கள். செரினும் திரியோனினும் எங்கே வந்து நிற்கும் என்பது தெரியும். அன்று அவருடைய புள்ளி இரண்டுக்கும் சேராத இடத்தில் நின்றது.

அந்தத் தகட்டை ஓட்டும் பஃபர் கரைசலின் பிஎச், அதாவது அமிலத்தன்மையைக் காட்டும் எண், 1.9 இருக்க வேண்டும். பல முறை பயன்படுத்தியதில் அது 1.7க்கு இறங்கியிருந்தது. டைரோசின் என்பது இன்னோர் அமினோ அமிலம்; 1.9இல் பாஸ்பேட் ஏறிய டைரோசினும் பாஸ்பேட் ஏறிய திரியோனினும் ஒன்றாகவே நகரும், 1.7இல்தான் பிரியும். இதுவரை தற்செயல் என்று சொல்வதில் எனக்கு மறுப்பு இல்லை. அதன் பிறகு நடந்தது தற்செயல் அல்ல, ஐயா. புள்ளி தவறான இடத்தில் நின்றால் "இன்றைய தகடு கெட்டுவிட்டது" என்று குப்பையில் போடுவது எங்களுக்கெல்லாம் கைவந்த பழக்கம். அவர் போடவில்லை. டைரோசினிலும் பாஸ்பேட் ஒட்டக்கூடிய ஹைட்ராக்சில் இருக்கிறதே என்று யோசித்து, அப்படி ஒரு பொருளை வேதிவினையால் தயாரித்து, பக்கத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே இடத்தில் நின்றன. புதிய கரைசலில் அது மீண்டும் திரியோனினோடு கலந்துபோனபோது, ஏன் கலந்தது என்றும் தேடினார்.

பிறகு பார்ட் செஃப்டனோடு சேர்ந்து 1980இல் அளவெடுத்தார். சாதாரணக் கோழிச் செல்லில் பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களில் டைரோசினின் பங்கு 0.03 சதவீதம், அதாவது பத்தாயிரத்தில் மூன்று. கட்டி வைரஸ் தொற்றிய செல்லில் அது எட்டு மடங்காகிறது. யாரும் அனுப்பாத "வளர்" என்ற கட்டளை செல்லுக்குள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருப்பதை அந்தக் கணக்கு காட்டியது. மனித மரபணுத் தொகுப்பு வெளிவந்த பிறகு, 2002இல் அவரும் உடன் உழைத்தவர்களும் மனித உடலில் உள்ள கைனேஸ்களையெல்லாம் எண்ணி 518 என்று பட்டியலிட்டார்கள்; அவற்றில் 90 டைரோசின் மீது வேலை செய்பவை. 2015இல், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தின் மீது ஏறும் பாஸ்பேட்டை அடையாளம் காட்டும் ஆன்டிபாடிகளை, அதாவது அதன் மீது மட்டும் போய் ஒட்டும் புரதங்களை, அவருடைய ஆய்வகம் வெளியிட்டது. ஒரே பாஸ்பேட்டைத்தான் நாற்பது ஆண்டுகள் பார்த்தார் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு பதிலும் அவருக்கு அடுத்த கேள்வியைக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

இனி, அன்றாட வேலை. செல்களை 37 டிகிரி வெப்பத்தில், 5 சதவீதக் கரியமில வாயுவில் வளர்க்கிறோம். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை அவற்றுக்கு உணவுக் கரைசல் மாற்ற வேண்டும். பொங்கலும் ஞாயிற்றுக்கிழமையும் அவற்றுக்குத் தெரியாது. பிறகு அவற்றைப் பனிக்கட்டியின் மேல் வைத்து உடைத்து, புரதங்களை ஜெல்லில் பிரித்து, மெல்லிய சவ்வுக்கு மாற்றி, ஆன்டிபாடியில் இரவு முழுவதும் ஊறவிட்டு, மறுநாள் கருப்புப் பட்டை தெரிகிறதா என்று பார்க்கிறோம். செல்லை உடைத்த நொடியிலிருந்து பாஸ்பேட்டேஸ்கள் எல்லாப் பாஸ்பேட்டையும் கழற்றத் தொடங்கிவிடும் என்பதால், அவற்றைத் தடுக்க இரண்டு உப்புகளைச் சேர்க்கிறோம். ஒன்று சோடியம் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்ததால், என் முன்பற்களில் பழுப்புக் கறை உண்டு. ஆய்வகத்தில் முதல் நாள் அந்தப் புட்டியின் பெயரைப் படித்தபோது, என்னை அறியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

மற்றொன்று சோடியம் ஆர்த்தோவெனடேட். இது டைரோசின் பாஸ்பேட்டேஸ்களைத் தடுக்கிறது. ஆனால் அதன் பிஎச்சை 10க்குக் கொண்டு வந்ததும் கரைசல் மஞ்சளாகும். நிறம் போகும்வரை கொதிக்கவைத்து, ஆறவைத்து, மறுபடி பிஎச் பார்த்து, நிறமற்று 10இலேயே நிற்கும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். இரண்டாம் ஆண்டில் நான் அவசரத்தில் மஞ்சளாக இருக்கும்போதே எடுத்துப் பயன்படுத்திவிட்டேன். டைரோசின் பட்டைகள் ஒவ்வொன்றாக மங்கின. என் புரதம் செயலிழந்துவிட்டது என்று நம்பி, ஏழு வாரங்கள் தவறான காரணத்தைத் துரத்தினேன். கடைசியில் ஒரு நாள் மாலை அந்தப் புட்டியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஹன்டரின் கரைசலைப் பற்றி நான் இவ்வளவு நீட்டி எழுதியதற்கு அதுவே காரணம்.

பெண்பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். ஹன்டருக்குச் சற்று முன்பாக, 1977இல், ரேமண்ட் எரிக்சனோடு சேர்ந்து கோழிக்குக் கட்டி உண்டாக்கும் வைரஸின் சார்க் என்ற புரதத்தை முதன்முதலில் பிடித்தெடுத்தவர் ஜோன் புருகே. கணிதம் படிக்கப் போனவர். சகோதரிக்கு மூளையில் கட்டி என்று தெரிந்த பிறகு உயிரியலுக்கு மாறினார். விடுதி, இரவு நேர வேலை, ஊர் திரும்பும் பேருந்து என்று உங்கள் மனைவியார் கேட்க நினைக்கும் கேள்விகளும் இருக்கும். அவற்றுக்குத் தனிச் செய்தியில் விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

பதில்: ஊத்தங்கரைக்காரர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். எனக்குப் புரதமும் தெரியாது, பாஸ்பேட்டும் தெரியாது. நான் புளி வியாபாரம் செய்பவன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மூட்டை தூக்கும்போது இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் பாரமாக இருந்தது. சோதித்துப் பார்த்தபோது வெள்ளை அணுக்கள் 1,80,000 இருந்தன. பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டியவை. நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய் என்றார்கள். என் மூத்த மகன் அப்போது ஐந்தாம் வகுப்பு.

பெங்களூர் மருத்துவமனையில் மருத்துவர் அம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். ஒன்பதாவது குரோமோசோமும் இருபத்திரண்டாவது குரோமோசோமும் துண்டு மாறி ஒட்டிக்கொண்டதால் புதிதாக ஒரு கைனேஸ் பிறந்து, அணையாத விளக்காக எரிந்துகொண்டிருக்கிறது என்றும், இமாடினிப் மாத்திரை அந்த விளக்கின் திரியில் போய் உட்காரும் என்றும் சொன்னார். அந்தத் தாளை இன்னும் ரேஷன் அட்டையோடு சேர்த்து வைத்திருக்கிறேன். அன்று முதல் தினமும் இரவு களியோ சோறோ சாப்பிட்டு முடித்ததும், 400 மில்லிகிராம் மாத்திரை ஒன்றை ஒரு பெரிய சொம்புத் தண்ணீரோடு விழுங்குகிறேன். காலையில் கண்ணிமை வீங்கியிருக்கும். நடு இரவில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அவ்வளவுதான். ரத்தத்தில் அந்தத் தப்பான மரபணுவின் அளவு 0.1 சதவீதத்துக்குக் கீழேயே இருக்கிறது. மூட்டையை இப்போதும் நானேதான் தூக்குகிறேன்.

இந்த மருந்து நம் கைக்கு வந்ததில் இன்னொரு காரணமும் உண்டு. நோவார்ட்டிஸ் நிறுவனம் இதற்குக் காப்புரிமை கேட்டுத் தொடர்ந்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று தள்ளுபடி செய்தது. மூல நிறுவனத்தின் மருந்து மாதத்துக்கு 1,20,000 ரூபாய் அளவிலும், இந்தியத் தயாரிப்பு 10,000 ரூபாய்க்குள்ளும் இருந்ததாக அப்போது செய்தித்தாள்கள் எழுதின. என் தோப்பை விற்றாலும் முதல் விலையில் ஓர் ஆண்டுகூட ஓடியிருக்காது.

டைரோசின் என்ற சொல்லை நான் இன்றுதான் படித்தேன். உங்கள் மகள் இந்தப் படிப்புக்குத்தான் போகிறாள் என்றால், அனுப்புங்கள் ஐயா.

பதில்: தருமபுரி விலங்கியல் ஆசிரியர் (ஓய்வு)

நண்பருக்கு வணக்கம். முப்பத்தோர் ஆண்டுகள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்தவன் என்ற முறையில், மேலே எழுதிய தங்கையின் பதிலை மகிழ்ச்சியோடு படித்தேன். அதில் ஓரிடத்தில் மட்டும் எனக்குக் கருத்து வேறுபாடு உண்டு. இந்தக் கதையை ஹன்டர் ஒருவரின் கதையாகச் சொன்னால், உங்கள் மகள் தானும் ஒரு ஹன்டராகாவிட்டால் தோற்றுவிட்டதாக எண்ணக்கூடும். நியூயார்க்கில் ஒருவர் கட்டி வந்த தன் கோழியை ராக்கஃபெல்லர் நிறுவனத்துக்குக் கொண்டுவர, அங்கிருந்த பெய்டன் ரௌஸ் என்ற விஞ்ஞானி அந்தக் கட்டியை அரைத்து, செல்கள் புக முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாறே வேறு கோழிக்குக் கட்டியை உண்டாக்குகிறது என்று 1911இல் எழுதினார். அதற்கு அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இல். அந்தச் சாற்றில் இருந்தது ஒரு வைரஸ்; அதில் இருக்கும் சார்க் மரபணு நோயற்ற கோழியிலும் இருக்கிறது என்று பிஷப், வார்மஸ் குழுவினர் 1976இல் காட்டினார்கள். சார்க் ஒரு கைனேஸ் என்பது 1978இல் தெரிந்தது. அது டைரோசின் மீது வேலை செய்கிறது என்பது ஹன்டரால் தெரிந்தது. ஊத்தங்கரை நண்பரின் நோய்க்குக் காரணமான ஏபிள் புரதத்தின் உறவுக்கார வைரஸ் புரதமும் டைரோசினில்தான் பாஸ்பேட்டை ஏற்றுகிறது என்று 1980இல் ஓவன் விட்டே, டேவிட் பால்டிமோர் ஆகியோர் எழுதினார்கள். பிரையன் டிரக்கர் முதலானோரின் உழைப்பால் இமாடினிப் 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோழியிலிருந்து மாத்திரைக்கு வர தொண்ணூறு ஆண்டுகள் ஆயின. இடையில் பெயர் தெரியாமல் தகடு ஓட்டியவர்களின் வேலையும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான்.

இமாடினிப் போன்ற நேரான வெற்றி எல்லாப் புற்றுநோய்க்கும் வாய்ப்பதில்லை என்பதையும் அவள் தெரிந்துகொண்டே போகட்டும். இந்த நோயிலேகூட, அந்தக் கைனேஸின் 315ஆவது இடத்தில் உள்ள திரியோனின், ஐசோலூசின் என்ற வேறோர் அமினோ அமிலமாக மாறிவிட்டால் மருந்து உள்ளே பொருந்தாது. அதற்கென்று பொனாடினிப் என்ற மருந்து 2012இல்தான் அனுமதி பெற்றது. பல கட்டிகளில் ஒரு வழியை அடைத்தால் செல் வேறொரு வழியைத் திறந்துகொள்கிறது. உங்கள் மகளின் தலைமுறைக்கு வேலை காத்திருப்பது அங்கேதான்.

வாழ்க்கைச் செலவைப் பற்றி நீங்கள் நேரடியாகக் கேட்கவில்லை. தந்தையின் மனதில் அது இருக்கும். சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வில் உயிர் அறிவியல் தாளில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால், 2023ஆம் ஆண்டு முதல் மாதம் 37,000 ரூபாயும், இரண்டு ஆண்டுகள் கழித்து 42,000 ரூபாயும், வீட்டு வாடகைப் படியும் உண்டு. பணம் சில சமயம் மாதக் கணக்கில் தாமதமாக வரும் என்பதால் கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ள வேண்டும். பெங்களூரில் உள்ள என்.சி.பி.எஸ். என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்துக்கு ஜேஜீபில்ஸ் (JGEEBILS) என்ற தனித் தேர்வு இருக்கிறது. நவி மும்பையின் ஆக்ட்ரெக் புற்றுநோய் மையம், திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையம், சென்னை ஐ.ஐ.டி. ஆகிய இடங்களிலும் புற்றுநோய் ஆய்வு நடக்கிறது. முனைவர் பட்டத்துக்கு ஐந்து அல்லது ஆறு ஆண்டுகள், அதன் பிறகு போஸ்ட்டாக் சில ஆண்டுகள். சொந்த ஆய்வகம் அமையும்போது வயது முப்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். திருமணப் பேச்சு எடுக்கும் உறவினர்களிடம் இந்தக் கணக்கை இப்போதே சொல்லிவிடுவது உங்கள் பொறுப்பு. நெட் தேர்வு முதல் முறையே கிடைக்காமல் போகலாம். என் மாணவர்களில் நல்ல ஆய்வாளரான இருவர் மூன்றாம் முறைதான் தேறினார்கள்.

பெயர் பெற்ற ஆய்வகம் என்பதற்காக மட்டும் எங்கும் சேர வேண்டாம். அங்கே ஏற்கெனவே படிக்கும் மாணவர்களிடம் பேசி, அவர்கள் செய்த தவற்றை வழிகாட்டியிடம் அச்சமின்றிச் சொல்ல முடிகிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். தங்கை அந்த மஞ்சள் கரைசலைப் பற்றித் தன் வழிகாட்டியிடம் சொன்னபோது என்ன நடந்தது என்பதை அறிய எனக்கும் ஆவலாக இருக்கிறது.

கேட்டவர்: பாலக்கோட்டு ஆசிரியர்

மூவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். ஊத்தங்கரை நண்பரின் பதிலை வீட்டில் சத்தமாகப் படித்தேன். என் மனைவி அதை இரண்டாவது முறையும் படிக்கச் சொன்னாள். நெட் தேர்வுக்கு விண்ணப்பிக்க மகளுக்கு ஓராண்டு கொடுப்பது என்றும், பி.எட். பேச்சை அதுவரை எடுப்பதில்லை என்றும் நேற்று இரவு முடிவு செய்தோம்.

தங்கையிடம் கேட்கச் சொல்லி அவள் ஒரு கேள்வி கொடுத்திருக்கிறாள். அன்று ஹன்டர் புதிய கரைசல் தயாரித்திருந்தால், அந்த டைரோசின் வேறு யாருடைய கண்ணிலாவது பட்டிருக்குமா?

பதில்: தென்பெண்ணைக் கரை

நல்ல கேள்வி கேட்டிருக்கிறாள், ஐயா. அது ஹன்டருக்கு முன்பே மற்றவர்களின் கண்ணில் பட்டுவிட்டது. 1978இல் சார்க் ஒரு கைனேஸ் என்று காட்டிய இரண்டு குழுக்களும் அதே புள்ளியைப் பார்த்தன. அவர்களுடைய கரைசலில் அது திரியோனினோடு ஒன்றாக நின்றதால், திரியோனின் என்றே எழுதி வெளியிட்டார்கள். அவர்கள் செய்ததில் எந்த முறைகேடும் இல்லை. விதிப்படி செய்த சோதனையில் விடை மறைந்திருந்தது. ஹன்டர் இல்லாவிட்டாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளில் யாராவது பிரித்துப் பார்த்திருப்பார்கள் என்றே நான் நம்புகிறேன். ஏபிள் புரதத்தைப் பற்றிப் பேராசிரியர் ஐயா குறிப்பிட்ட கட்டுரை அடுத்த ஆண்டே வந்துவிட்டதே.

பேராசிரியர் ஐயா கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். நான் அழுதுகொண்டே போய்ச் சொன்னேன். என் வழிகாட்டி அம்மையார் அந்தப் புட்டியை வாங்கி, பெயர்ச்சீட்டின் மேல் தேதியும் "மஞ்சள்" என்ற சொல்லும் எழுதி, கொட்டாமல் அலமாரியிலேயே வைத்தார். புதிதாகச் சேரும் மாணவர்களுக்கு இரண்டு புட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார். இன்றும் நான்தான் காட்டுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வருகிறேன். மகளையும் அம்மாவையும் காவேரிப்பட்டணத்துக்கு அழைத்து வாருங்கள். அந்த ஏழு வாரங்களில் எடுத்த ஃபிலிம்களை இன்னும் ஓர் உறையில் வைத்திருக்கிறேன். வாரம் தேதி எதுவும் சொல்லாமல் அவள் முன்னால் பரப்பிவிடுகிறேன்; பட்டை எந்த ஃபிலிமில் மங்கத் தொடங்கியது என்று அவளே பார்த்துச் சொல்லட்டும்.